ஒற்றை ஆளுக்கு அனுமதி இல்லை

"ஒத்தை ஆளுக்கு பர்மிஷன் கிடையாது" என்றார் வனக்காவலர் மோரே.

தனசீலன் அதற்குள் ரிஜிஸ்டரில் பெயரை எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடியபடி நிமிர்ந்தார்.

மோரே பேசியது மராட்டி கலந்த பம்பாய் இந்தி. தனசீலனும் அதே இந்தியில்தான் பதில் சொன்னார். நாமும் அதில் அல்லாட வேண்டாம் என்பதால் இருவரையும் இங்கே தமிழிலேயே பேசவிடுகிறேன்.

"போன மாசம் ஒரு சிறுத்தை வந்துட்டுப் போயிருக்கு. அதிலேருந்து ஆர்டர். சைக்கிள்ல போனாலும் சரி, நடந்து போனாலும் சரி, குறைஞ்சது ரெண்டு பேர்."

"சார், நான் செம்பூர்லேருந்து வர்றேன்."

"சிறுத்தைக்கு செம்பூரும் ஒண்ணுதான், தாதரும் ஒண்ணுதான். இருங்க, ஆர்டரையே காட்டறேன்" என்று சொல்லிவிட்டு மோரே அறைக்குள் போனார்.

தனசீலனுக்கு அழுகை வராத குறை. நாலரை மணிக்கு எழுந்து, செம்பூரை ஒட்டிய திலக் நகர் ஸ்டேஷனில் மலைச் சைக்கிளை லக்கேஜ் பெட்டியில் ஏற்றி, குர்லாவில் வண்டி மாறி, மீன் கூடைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று, அம்பர்நாத்தில் இறங்கி, அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்து இந்தக் காட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. தனியாக இருக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். மனிதருக்கு நாற்பத்தாறு வயது. பிறந்தது தாராவியில், பத்துக்குப் பத்து அறையில், ஒன்பது பேரில் ஒருவராக. இப்போது இருப்பது திலக் நகரில் ஒரு படுக்கையறை வீட்டில். மனைவி தெரசம்மாள், மகள் ஸ்வீட்டி, "வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று வந்து, வேலை கிடைத்து ஐந்து வருஷம் ஆன பின்னும் ஹாலில் படுத்திருக்கும் மச்சினன் கிறிஸ்டோ. ஆபீஸில் ஒரே கூடத்தில் நாற்பது பேர். ரயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம் பாத்ரூம். அதில் நுழைந்த மூன்றாம் நிமிஷம் யாராவது தட்டுவார்கள்.

அவர் வாழ்க்கையிலேயே நீண்ட தனிமை என்பது போன வருஷம் ஆபீஸ் லிஃப்ட் நடுவில் நின்றுபோனபோது கிடைத்த பதினெட்டு நிமிஷம்தான். மெக்கானிக் வந்து கதவைத் திறந்ததும் "பயந்துட்டீங்களா சார்?" என்று கேட்டான். "அதுக்குள்ள வந்துட்டியே" என்றார் தனசீலன்.

அந்தப் பதினெட்டு நிமிஷத்தின் ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கிறிஸ்டோ ஃபிட்னஸ் வெறியில் வாங்கி, மூன்று நாள் ஓட்டி, அப்புறம் இரண்டு வருஷமாக ஈரத்துண்டு காயப்போட உபயோகப்பட்ட மலைச் சைக்கிளைத் துடைத்து எடுத்தார். மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருந்தார். அக்டோபர் வந்தது. இரண்டாவது சனிக்கிழமையும் வந்தது.

தெரசம்மாள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "காட்டுக்கு ஒத்தையில போவக்கூடாது. சொல்லிட்டேன்."

"ஒத்தையில இல்ல. ஆபீஸ் சங்கரன் வர்றாரு."

சங்கரன் பக்கத்து மேஜைக்காரர், மாட்டுங்காவாசி. காடு என்ன, மாடிப்படி ஏறவே யோசிப்பவர். "என் பேரைத்தானே? தாராளமா சொல்லிக்கொள்ளும் ஓய்" என்று பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்திருந்தார்.

இவ்வளவு தூரம் ஏற்பாடு செய்துவிட்டு, வாசலில் வந்து நிற்கும்போது ரெண்டு பேர் வேண்டுமாம்.

மோரே அறைக்குள் ஆர்டரைத் தேடிக்கொண்டிருந்தார். தனசீலன் சும்மா ரிஜிஸ்டரைப் பார்த்தார். அவர் எழுதியதற்கு மேலே, காலை ஆறு பத்துக்கு, முந்தைய ஷிப்ட் காவலர் இருந்தபோது எழுதப்பட்ட பெயர்கள். கணேசபாண்டியன். அதற்குக் கீழே, பூலோகம்.

காட்டுக்குள் இரண்டு தமிழர்கள்! சிறுத்தையாவது பார்த்தால் விலகிப்போகும். நம் ஆட்கள் பார்த்தால் விடுவார்களா? எந்த ஊர், எந்தத் தெரு, அந்தத் தெருவில் இன்னாரைத் தெரியுமா என்று ஆரம்பித்து, அரை மணி நேரத்தில் உறவு கண்டுபிடித்து, மத்தியானம் வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

மோரே கையில் காகிதத்தோடு திரும்பி வந்தார். ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அட, ரெண்டு பேருன்னு முதல்லயே சொல்றதுக்கென்ன? தன்சீலன், க்யான்முத்து. சரி, க்யான்முத்து எங்கே?"

நடந்தது இதுதான். ரிஜிஸ்டரில் பெயருக்கு விட்டிருந்த கட்டம் மூன்று விரல் அகலம்கூட இல்லை. தனசீலன் என்று எழுதியதும் இடம் தீர்ந்துவிட்டது. மீதியை அடுத்த வரியில் எழுதியிருந்தார். மீதி என்பது அப்பா ஞானமுத்து. ஊரில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக அடங்கிக் கிடக்கிற அப்பா, பம்பாய்க்கு வந்ததும் முழு உருவம் எடுத்துப் பின்னால் வந்து நின்றுகொள்வார். சர்நேம் இல்லாவிட்டால் இந்த ஊரில் கேஸ் சிலிண்டர்கூட வராது.

"அது வந்து சார்..." என்று உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார் தனசீலன். மோரேயின் தோளுக்குப் பின்னால் காடு தெரிந்தது. பச்சையும் பழுப்புமாக, ஒரு மனிதத் தலையும் இல்லாமல்.

"அவரு முன்னாடியே போயிட்டாரு" என்று கையைக் காட்டினார்.

பொய் இல்லை. ஞானமுத்து போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. தனசீலனின் கை கொஞ்சம் மேலே பார்த்துத்தான் இருந்தது. மோரே அதைப் பாதையைக் காட்டியதாக எடுத்துக்கொண்டார். அதற்குத் தனசீலன் என்ன செய்வார்?

"அவசரக்காரர் போல" என்றபடி மோரே தடுப்புக் கட்டையைத் தூக்கினார்.

உள்ளே போன முதல் வளைவிலேயே தனசீலன் சைக்கிளை நிறுத்திக் காதைத் தீட்டிக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மழை விட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. இடுப்பளவுப் புல் நுனியில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. தேக்கு இலைகளைப் புழு அரித்து, ஒவ்வொன்றும் சல்லடையாகத் தொங்கியது. அதன் வழியே வெயில் பொடிப்பொடியாகப் பாதையில் விழுந்தது. சிலந்தி வலைகளை முகத்தால் அறுத்துக்கொண்டே போனார். ஏற்றத்தில் கியரை எந்தப் பக்கம் மாற்றினாலும் சைக்கிள் முன்னைவிடக் கனத்ததால் இறங்கித் தள்ளினார். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு "ஆண்டவரே!" என்று அலறியபடி போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சுதந்திரம் பிடித்துப்போய், அடுத்த இறக்கத்தில் தேவையே இல்லாமல் அலறினார்.

ஓர் ஓடையோரச் சேற்றில் டயர்த் தடம் தெரிந்தது. ஒரே ஒரு சைக்கிளின் தடம். கணேசபாண்டியனும் பூலோகமும் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போகிறார்கள் என்று தனசீலன் தெரிந்துகொண்டார். நம் ஆட்கள் காட்டுக்கு வந்தாலும் திருந்த மாட்டார்கள் என்று நினைத்து, தடம் போன திசைக்கு எதிர்த் திசையில் திரும்பினார்.

ஆனாலும் ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். எதிர்மேட்டில், மரங்களுக்கு நடுவே, ஒரு மஞ்சள் ஹெல்மெட். தனசீலன் சட்டென்று புதருக்குள் உட்கார்ந்தார். எட்டிப் பார்த்தபோது மஞ்சள் ஹெல்மெட்டும் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றிருந்தது. இரண்டு நிமிஷம் யாரும் அசையவில்லை. பிறகு அது மெல்ல சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறைந்துவிட்டது. நல்ல மனுஷன் என்று தனசீலன் மனதார வாழ்த்தினார்.

ஒரு பாறை மேல் ஏறி உட்கார்ந்து டிபன் பெட்டியைத் திறந்தார். தெரசம்மாள் இரண்டு பேருக்குக் கட்டியிருந்தாள். அவருக்குப் புளிச்சோறும் இரண்டு அவித்த முட்டையும். சைவக்கார சங்கரண்ணனுக்கு முட்டைக்குப் பதில் உருளைக்கிழங்கு வறுவல். தனசீலன் முதலில் தன் சாப்பாட்டைச் சாப்பிட்டார். அப்புறம் சங்கரன் சாப்பாட்டையும் சாப்பிட்டார். பெரிதாக ஏப்பம் விட்டார். அப்படியே மல்லாந்து படுத்து இரண்டு கீர்த்தனை பாடினார், இரண்டையும் ஒரே ராகத்தில். இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிஷம். லிஃப்டை முறியடித்தாகிவிட்டது. ஒவ்வொரு மாசமும் இரண்டாவது சனிக்கிழமை இங்கே வந்துவிடுவது என்று அந்தப் பாறை மேல் வைத்தே முடிவு செய்தார். தெரசம்மாளுக்கு மட்டும் தெரியாமல் இருக்க வேண்டும். தெரிந்தால் ஆயுளுக்கும் இன்னொரு தனிமை கிடையாது.

பத்தரை மணிக்கு விசில் அடித்துக்கொண்டே காட்டு வாசல் சாவடியான செக்நாக்காவுக்குத் திரும்பினார்.

மோரே ரிஜிஸ்டரைத் திறந்து அவர் பெயருக்கு எதிரே டிக் போட்டார். பிறகு பேனா அடுத்த வரிக்கு இறங்கி நின்றது.

"க்யான்முத்து?"

தனசீலன் அப்போதுதான் வெளியே வர ஒரு வழி யோசித்து வைக்கவில்லை என்பதை உணர்ந்தார். சரி, உள்ளே போயாகிவிட்டது, அனுபவித்தாகிவிட்டது, இனி உண்மையைச் சொன்னால் என்ன என்று நினைத்தார். அது முதல் தப்பு.

"சார், ஞானமுத்து என்கிறது வேற ஆள் இல்ல. எங்க அப்பா பேரு."

"அப்பாவா?" மோரே பேனாவைக் கீழே வைத்தார். "வயசான அப்பாவைக் காட்டுல விட்டுட்டு நீ மட்டும் விசிலடிச்சுக்கிட்டு வர்றியா?"

"இல்ல சார், அவரு வரவே இல்ல. அவரு செத்துட்டாரு."

மோரே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எப்போ?"

"பதினாறு வருஷம் ஆச்சு."

"காலையில முன்னாடியே போயிட்டார்னு கை காட்டினியே. அப்ப உயிரோட இருந்தாரா இல்லையா?"

தனசீலன் அவசரமாக ஆதார் கார்டை எடுத்து நீட்டினார். "பாருங்க சார், என் பேரு தனசீலன். கீழே பாருங்க, தகப்பனார் பேரு."

மோரே ஆதாரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதோ இருக்காரே க்யான்முத்து! சர்க்கார் கார்டிலேயே இருக்கார். இல்லாத ஆளையா சர்க்கார் எழுதும்?"

"சார், நான் தனியாத்தான் வந்தேன்!"

"யார் சாட்சி?"

தனியாக வந்ததற்கு யார் சாட்சி இருக்க முடியும்? மோரே அவர் போனை வாங்கி, "வீடு" என்றிருந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

"பாயி" என்று மரியாதையாக ஆரம்பித்தார். "நான் காட்டு செக்நாக்காவிலேருந்து பேசறேன். உங்க வீட்டுக்காரர் தனியா வந்ததா சொல்றார். உண்மையா?"

காவலர், தனியா வந்தார், புருஷன். தெரசம்மாளுக்கு இந்த மூன்றும் போதும். புருஷனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். காப்பாற்ற வேண்டியது அவள் பொறுப்பு.

"தனியாவா? சத்தியமா இல்ல சார்! கூட சங்கரன்னு ஒருத்தர் வந்திருக்கார். நானே ரெண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரர் சட்டத்தை மீற மாட்டார்!"

மோரே ரிஜிஸ்டரில் இன்னொரு பெயரை எழுதினார். சங்கரன்.

"ஆக, மூணு பேர்" என்றார் நிதானமாக. "ரெண்டு பேரைக் காணோம்."

போனில் தெரசம்மாள் தமிழுக்கு மாறியிருந்தாள். "ஏங்க, என்னதான் செய்தீய? சங்கரண்ணன் எங்க?"

இங்கே உண்மையைச் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த மாசத்து இரண்டாவது சனிக்கிழமை தனசீலனின் கண் முன்னால் வந்து நின்றது. பாறை, புளிச்சோறு, கீர்த்தனை.

"பின்னாடி வர்றாரு" என்றார். வாய் தமிழில் சொன்னதை அவர் பெருவிரல் காட்டைக் காட்டிச் சொல்லிவிட்டது. மோரே அதைக் கவனித்துக்கொண்டார்.

டிபன் பெட்டி திறந்து பார்க்கப்பட்டது. இரண்டு அடுக்கும் வழித்துத் துடைத்துக் காலியாக இருந்தன.

"ரெண்டாவது அடுக்கு யார் சாப்பிட்டது?"

"நான்தான் சார்."

"ரெண்டு ஆள் சோறு?" மோரே அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒல்லியான மனிதர். நம்பும்படியாக இல்லை.

"சங்கரனுக்கே போன் போடறேன். மாட்டுங்காவில வீட்லதான் இருப்பார். அவரே சொல்வார்" என்றார் தனசீலன். இதைவிட நல்ல யோசனை அவருக்குத் தோன்றவில்லை. போன் அடித்தது. எடுத்தது சங்கரனின் மனைவி வாலாம்பாள்.

"மாமி, சங்கரன் இருக்காரா?"

"அவரா? உங்களோடன்னா சைக்கிள் விடப் போயிருக்கார்! காட்டுல டவர் கிடைக்காதுன்னு போனைக்கூட ஆத்துல வெச்சுட்டு, காலம்பற அஞ்சு மணிக்கே கிளம்பிட்டாரே! ஏன், என்னாச்சு? ஏன் எங்கிட்ட கேக்கறேள்? அய்யோ, அவருக்கு என்னாச்சு!"

வாலாம்பாள் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையை மோரேவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

தன் பெயரைத் தாராளமாகக் கொடுத்த சங்கரன், பதிலுக்கு இவர் பெயரைத் தாராளமாக எடுத்துக்கொண்டு எங்கோ போயிருக்கிறார் என்பது தனசீலனுக்குப் புரிந்தது. மோரே கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார்.

முதலில் எதிரே டீக்கடை வைத்திருந்த ருக்சானா வந்தாள். பின்னாலேயே கிராமத்து ஆட்கள் கம்போடு வந்தார்கள். ஒருவர் மேளம் கொண்டு வந்தார், சிறுத்தையை விரட்ட. இரண்டு நாய்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. அரை மணி நேரத்தில் நாற்பது பேர். அதற்குள் கிறிஸ்டோ போன் செய்தான்.

"அத்தான், ஒண்ணும் கவலப்படாதீங்க. சங்கரண்ணனத் தேட சர்ச் வாலிபர் சங்கத்தோட வேன்ல கிளம்பிட்டோம். பதினாலு பேரு. அக்காவும் வாரா."

"நீங்க வரண்டாம்டே" என்று தனசீலன் கத்துவதற்குள் லைன் போய்விட்டது.

காடு முழுக்க ஆட்கள். மேளம் ஒரு பக்கம் முழங்கியது. நான்கு திசையிலும் "ஓ க்யான்முத்தூ!" என்று குரல்கள் எழுந்தன. மலை அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. தனசீலன் செக்நாக்கா பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா முப்பது வருஷம் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒன்பது பேர் படுத்த அறையில் வாசல் பக்கம் காலை வெளியே நீட்டித் தூங்கியவர். ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை, இப்படி ஒரு காட்டைப் பார்த்ததும் இல்லை. இன்று அவர் பெயரை ஒரு மலையே கூப்பிடுகிறது. இவ்வளவு கலவரத்துக்கு நடுவிலும் தனசீலனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று நினைத்தார். உண்மையாகவே.

பன்னிரண்டு மணிக்கு ஏதோ தெரியாத எண்ணிலிருந்து போன். சங்கரன்.

"ஓய், மாட்டுங்காவில சீட்டாடிண்டிருந்தேன். என்னைத் தேட ஆள் கூப்பிடறேன்னு ஆத்துக்காரி கிளப் வாசல்ல வந்து ஒப்பாரி வெச்சு மானத்தை வாங்கிட்டா. நான் கிடைச்சுட்டேன்னு உம்ம ஆளுகிட்ட சொல்லும்."

மோரேயிடம் போனைக் கொடுத்தார். மோரே ஐந்து கேள்வி கேட்டு, கடைசியில் வாலாம்பாளின் அழுகை இப்போது கோபமாக மாறியிருப்பதைத் தன் காதாலேயே கேட்டுத் திருப்திப்பட்டு, சங்கரன் பெயரை அடித்தார்.

"ஒண்ணு முடிஞ்சுது. இன்னும் உங்க அப்பா."

அந்த நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய ஆரவாரம் கேட்டது. மேளம் தாளம் மாறியது. "கிடைச்சுட்டார்! க்யான்முத்து கிடைச்சுட்டார்!"

தனசீலன் எழுந்து நின்றார்.

நாற்பது பேர் நடுவே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சேறும் சகதியுமாக ஒரு மனிதர் வந்தார். அறுபத்தெட்டு வயதிருக்கும். இரும்புக் கம்பி மாதிரி உடம்பு. தலையில் மஞ்சள் ஹெல்மெட்.

"நீங்கதான் க்யான்முத்துவா?" என்றார் மோரே.

பெரியவர் மோரேயைப் பார்த்தார். மேஜையில் விரிந்து கிடந்த ரிஜிஸ்டரைப் பார்த்தார். அதில் கொஞ்ச நேரம் கண்ணை ஓட்டினார். பிறகு பெஞ்சோரம் நின்றிருந்த தனசீலனைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "நான்தான்."

தனசீலன் பெரியவரையும் ரிஜிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவர் யாரு?"

"எம் மவன்" என்றார் பெரியவர் ஒரு கண்கூட இமைக்காமல். பிறகு தமிழில், "எலே மக்கா, ஐயாவ இப்பிடி வுட்டுட்டு வந்துட்டியேடா" என்று தனசீலனின் தோளைப் பற்றினார். பிடி உடும்புப்பிடியாக இருந்தது.

மோரே கொதித்துப்போனார். "நீங்க செத்துப் பதினாறு வருஷம் ஆச்சுன்னு சொன்னாரே உங்க பையன்!"

பெரியவர் தனசீலனை மிகுந்த வருத்தத்தோடு பார்த்தார். "அப்பிடியா சொன்னான்?"

கூட்டத்தில் நாற்பது வாய்கள் ஒரே நேரத்தில் த்சொ த்சொ என்றன. ருக்சானா ஓடிப்போய் டீயும் பன்னும் கொண்டு வந்து பெரியவரிடம் கொடுத்தாள். தனசீலன் கையை நீட்டியபோது, "பெத்தவரை உயிரோட கொன்னவனுக்கு எங்கிட்ட டீ கிடையாது" என்று டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மோரே வயதான பெற்றோரைப் பேணுவது பற்றிக் கால் மணி நேரம் பேசினார். முடிவில், "விழு கால்ல" என்றார். முன்பின் தெரியாத ஒருவரின் சேற்றுக் காலில் தனசீலன் விழுந்தார். "நல்லா இரு" என்று பெரியவர் பன்னை மென்றபடியே ஆசீர்வதித்தார்.

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. பதினாலு வாலிபர்களும் கிறிஸ்டோவும் குதித்தார்கள். கடைசியாகத் தெரசம்மாள் இறங்கினாள்.

"சங்கரண்ணன் எங்க?"

"மாட்டுங்காவில" என்றார் தனசீலன்.

"அப்ப கூட வந்தது யாரு?"

மோரே பெருமையோடு பெரியவரை முன்னால் தள்ளினார். "உங்க மாமனார், பாயி. பத்திரமா மீட்டுக் குடுத்தாச்சு."

தெரசம்மாள் பதினாறு வருஷத்துக்கு முன் கண்ணீரோடு அடக்கம் செய்து, கல்லறைக்கு வருஷம் தவறாமல் வெள்ளையடிக்கப் போய்வரும் மாமனார். அவள் பெரியவரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கூடியிருந்த கூட்டத்தையும் கம்புகளையும் பார்த்தாள். தெரசம்மாள் புத்திசாலி. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க மாமா" என்றாள். புருஷன் பக்கம் திரும்பி மெதுவாக, "வீட்டுக்கு வாங்க, பேசிக்கிடுதேன்" என்றாள்.

அடுத்த மாசத்து இரண்டாவது சனிக்கிழமை தனசீலனின் கண் முன்னாலேயே செத்து விழுந்தது. போகட்டும், இப்போதைக்கு வெளியே போனால் போதும் என்றிருந்தது அவருக்கு.

பெரியவர் ரிஜிஸ்டரில் ஞானமுத்து என்று தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். மோரே டிக் போட்டார். தடுப்புக் கட்டை உயர்ந்தது. இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தார்கள்.

பம்பாயில் பிறந்து பம்பாயிலேயே வளர்ந்த தனசீலனுக்கு அந்த நிமிஷத்தில் தமிழன் என்பதன் அர்த்தமே புரிந்த மாதிரி இருந்தது. இந்த மனிதருக்குப் பயந்தா புதருக்குள் ஒளிந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்றார் தாழ்ந்த குரலில். "யாரு எவர்னு தெரியாத எனக்காவ, என் மானத்தக் காப்பாத்த..."

"வேகமா நடடே" என்றார் பெரியவர் உதடு அசையாமல். "திரும்பிப் பாக்காத."

பத்தடி போயிருப்பார்கள். பின்னால் விசில் கேட்டது.

"நில்லுங்க!" மோரே ரிஜிஸ்டரைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "உங்க ஆளுங்க இன்னும் ரெண்டு பேர் உள்ளே இருக்காங்க. காலையில ஆறு பத்துக்குப் போனவங்க, இன்னும் வரலை. கணேசபாண்டியன், பூலோகம். உங்க ரெண்டு பேருக்கும் பாஷை தெரியும். நீங்க முன்னாடி போய்க் கூப்பிடுங்க, நாங்க பின்னாடி வர்றோம்."

நாற்பது பேரும் மறுபடி கம்பை எடுத்தார்கள். வாலிபர் சங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டது. மேளக்காரர் தோலைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பாவம், எங்க மாட்டிக்கிட்டாங்களோ. ரெண்டு பேரும் ஒரே சைக்கிள் வேற" என்றார் தனசீலன், நிஜமான கவலையோடு. "வாங்க அண்ணாச்சி, நம்ம ஆளுகளாச்சே, தேடுவோம்."

பெரியவர் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தனசீலனின் காதோரம் குனிந்தார்.

"யாரத் தேட? கணேசபாண்டியன் நாந்தாம்டே. பூலோகம் எங்கய்யா. அவரு போயிச் சேந்து இருவது வருசமாச்சு."